475 அடி தூரத்தில் ஒரு அடிப் பலகை! கேலிக்கும் கூத்துக்கும் நடுவே குறி பார்க்கும் பூட்டான் வில் வீரர்கள்

சனிக்கிழமை விடிந்தால் போதும். பூட்டான் நாட்டின் தலைநகர் திம்புவில் வில் விளையாட்டுப் பிரியர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. வில்லையும் அம்பையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பி விடுவார்கள்.

வாரம் பூராவும் ஆபீசில் பேனா பிடித்த குமாஸ்தா, கடையில் தராசு பிடித்த வியாபாரி, டாக்சி ஓட்டுகிறவர், பெரிய அதிகாரி எல்லோரும் அங்கே ஒரே வரிசையில் நிற்பார்கள். மேல் அதிகாரியின் குறி தப்பினால், அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர் வாய்விட்டுச் சிரிக்கலாம். அதற்காகத் திங்கட்கிழமை மெமோ வராது!

பாட்டு, நடனம், விருந்து, கேலி, கிண்டல் எல்லாம் இந்த விளையாட்டில் உண்டு. கூடவே உயிருக்கு ஆபத்தும் உண்டு.

தலைமுறை தலைமுறையாக வந்த மூங்கில் வில்லுக்கும், வெளிநாட்டில் இருந்து வந்திறங்கிய சக்கர வில்லுக்கும் இப்போது அங்கே பலத்த போட்டி. இது பற்றிய ருசிகரமான விவரம் வருமாறு:-

7 ரெயில் பெட்டி நீளம்

பூட்டான் இமயமலைச் சரிவில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே உள்ள சின்னஞ்சிறு நாடு. 2017-ம் ஆண்டுக் கணக்குப்படி மொத்த ஜனத்தொகை 7 லட்சத்து 27 ஆயிரம்தான். இந்த நாட்டின் தேசிய விளையாட்டு வில்வித்தை. 1971-ம் ஆண்டு பூட்டான் ஐ.நா. சபையில் சேர்ந்தது. அதே ஆண்டில் வில்வித்தை தேசிய விளையாட்டு என்று அறிவிக்கப்பட்டது.

ஒலிம்பிக் பந்தயத்தில் வில் வீரருக்கும் குறிக்கும் இடையே உள்ள தூரம் 70 மீட்டர். பூட்டான்காரர்களுக்கு அது பிள்ளை விளையாட்டு! அவர்கள் எய்யும் தூரம் 145 மீட்டர். அதாவது சுமார் 475 அடி.

மின்சார ரெயிலில் தினமும் போகிறவர்களுக்குச் சுலபமாகப் புரியும்படி சொல்வதானால், 7 பெட்டிகளைச் சேர்த்து நிறுத்தினால் வருகிற நீளம். முதல் பெட்டியின் முனையில் நின்று, ஏழாவது பெட்டியின் கடைசியில் இருக்கும் ஒரு பலகையை அடிக்க வேண்டும்.

அந்தப் பலகையாவது பெரியதா என்றால், அதுவும் இல்லை. உயரம் சுமார் 3 அடி. அகலம் ஒரு அடிக்கும் குறைவு. ஒலிம்பிக்கில் வைக்கும் வட்டக் குறியின் குறுக்களவே 122 சென்டி மீட்டர். அதாவது 4 அடி. தூரத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டி, குறியின் அகலத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் பூட்டான் வில் விளையாட்டு.

பலகையில் பளிச்சென்று வர்ணம் தீட்டி இருப்பார்கள். நடுவில் ஒரு வட்டம். எய்கிறவர் கண்ணுக்கு அந்தப் பலகை ஒரு தீக்குச்சி போலத்தான் தெரியும்.

ஆட்டம் எப்படி?

மைதானத்தின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு பலகை இருக்கும். இரண்டு கட்சிகள் மோதும். ஒரு கட்சிக்கு 11 பேர் அல்லது 13 பேர் இருப்பார்கள். ஒருவருக்கு ஒரு சுற்றில் 2 அம்புகள். இந்த முனையில் இருந்து எல்லோரும் எய்து முடித்ததும், அந்த முனைக்கு நடந்து போவார்கள். விழுந்த அம்புகளைப் பொறுக்கிக்கொண்டு, அங்கிருந்து இந்த முனைப் பலகையைப் பார்த்து எய்வார்கள்.

பலகையின் நடு வட்டத்தில் அம்பு தைத்தால் 3 புள்ளி. பலகையில் வேறு எங்கு பட்டாலும் 2 புள்ளி. பலகையில் படாமல் பக்கத்தில் ஒரு அம்பு நீளத்துக்குள் தரையில் விழுந்தால் 1 புள்ளி. முதலில் 25 புள்ளி எடுக்கும் கட்சிக்கு வெற்றி.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது அல்லவா? ஆனால் சுற்றுச் சுற்றாக எய்தும் ஒரு புள்ளிகூட விழாத வேளைகள் உண்டு. அதனால்தான் காலையில் தொடங்கிய ஆட்டம் மாலை வரை நீளுகிறது. சனிக்கிழமை முடியாத ஆட்டம் ஞாயிற்றுக்கிழமையும் தொடருவது சகஜம்.

145 மீட்டர் தூரத்துக்கு அம்பு நேர்கோட்டில் போகாது. மேல்நோக்கி எய்ய வேண்டும். அம்பு வானத்தில் வளைந்து சென்று பலகை மேல் இறங்க வேண்டும். மலைப் பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் காற்று வீசத் தொடங்கி விடும். அந்தக் காற்றுக்கு எவ்வளவு இடம் விட்டு எய்வது என்பதுதான் சூட்சுமம். அனுபவசாலிகள் பக்கத்தில் பறக்கும் கொடியையும், மரக்கிளை அசைவதையும் பார்த்தே கணக்குப் போட்டு விடுவார்கள்.

"கோ" அங்கி, வெற்றிலை பாக்கு

ஆடுகளத்துக்கு வருகிறவர்கள் தேசிய உடையில் வருவார்கள். அதற்கு "கோ" என்று பெயர். முழங்கால் வரை வரும் அங்கி. இடுப்பில் இறுக்கிக் கட்டி இருப்பார்கள். மார்புப் பக்கம் துணி பெரிய பை போல மடிந்து நிற்கும். பணம், டெலிபோன், தின்பண்டம் எல்லாம் அந்த மடிக்குள்ளேயே இருக்கும்.

இன்னொரு பொருளும் அதில் தவறாமல் இருக்கும். அதுதான் வெற்றிலை பாக்கு! பூட்டான்காரர்கள் அதை "டோமா" என்கிறார்கள். சுண்ணாம்பு தடவிய வெற்றிலையில் பாக்கு வைத்து மடித்து, வாயில் அடக்கிக்கொண்டு வில்லை எடுப்பார்கள். வில்லாளிகளின் உதடும் பல்லும் சிவந்து கிடக்கும்.

மைதானத்தின் ஓரத்தில் சாப்பாடும் உண்டு. மிளகாயையும் பாலாடைக் கட்டியையும் சேர்த்துச் சமைத்த "எமா தட்சி" குழம்பு, சிவப்பரிசிச் சோறு, வெண்ணெய் போட்ட தேநீர். பூட்டானில் மிளகாய் வெறும் காரத்துக்குப் போடுகிற சாமான் அல்ல. அதுவே காய்கறி!

கேலியே ஆயுதம்

அர்ஜுனன் குறி பார்த்த கதை நமக்குத் தெரியும். மரம் தெரியவில்லை, கிளை தெரியவில்லை, பறவையின் கண் மட்டுமே தெரிந்தது என்பார்கள். சுற்றி இருந்தவர்கள் மூச்சுக் காட்டாமல் நின்றதால் அர்ஜுனன் பிழைத்தான். பூட்டானில் அவன் வில்லை எடுத்திருந்தால் கதையே வேறு!

இங்கே ஒருவர் நாணை இழுக்கத் தொடங்கியதுமே எதிர்க் கட்சிக்காரர்கள் கூச்சல் போடத் தொடங்கி விடுவார்கள். குதிப்பார்கள். கையை ஆட்டுவார்கள். அவருடைய வயது, மூக்கு, தொந்தி, போன தடவை அவர் விட்ட கோட்டை எல்லாவற்றையும் இழுத்துப் பாட்டாகவே பாடுவார்கள். இதில் யாரும் கோபித்துக் கொள்ளக் கூடாது. கோபித்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் குறி தப்பும். எதிராளிக்கு வேண்டியதும் அதுதானே!

பெண்களின் பாட்டுக் கோஷ்டியும் உண்டு. வண்ண வண்ண ஆடை கட்டி, கைகோத்து வரிசையாக நின்று ஆடுவார்கள். தங்கள் கட்சிக்காரர் வில்லை எடுத்தால் புகழ்ந்து பாட்டு. எதிர்க் கட்சிக்காரர் வில்லை எடுத்தால் நையாண்டிப் பாட்டு. ஆண்கள் வாயை அடக்கினாலும் அடக்குவார்கள், பெண்கள் விட மாட்டார்கள்.

அம்பு குறியில் தைத்து விட்டாலோ, அந்தக் கட்சிக்காரர்கள் எல்லோரும் ஓடி வந்து வட்டமாக நின்று, மெதுவாகக் காலை எடுத்து வைத்துப் பாடிக்கொண்டே ஆடுவார்கள். எய்தவருக்கு ஒரு வண்ணத் துணி கிடைக்கும். அதை இடுப்பில் செருகிக் கொள்ள வேண்டும். மாலையில் யார் இடுப்பில் அதிகத் துணி தொங்குகிறதோ அவர்தான் அன்றைய ராஜா! அவர் வீட்டுக்குப் போகும்போது கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்.

ஜோதிடர் சொன்னால்தான்

பெரிய போட்டி என்றால் வில் திறமை மட்டும் போதாது. கிராமங்களில் முதலில் ஜோதிடரைப் பார்ப்பார்கள். எந்த நேரத்தில் கிளம்புவது, எந்தத் திசையில் இருந்து மைதானத்துக்குள் நுழைவது, யார் முதல் அம்பை எய்வது என்று அவர் சொல்லுவார். ஊர்த் தெய்வத்துக்குப் பூஜை நடக்கும். எதிர்க் கட்சிக்கும் ஜோதிடர் இருப்பார். இரண்டு ஜோதிடர்களில் ஒருவர் வாக்குத்தான் பலிக்க முடியும்!

போட்டிக்கு முந்தின இரவு வில்லாளிகள் வீட்டில் படுக்க மாட்டார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கூடித் தங்குவார்கள். மனைவி பக்கமே போகக் கூடாது என்பது கட்டுப்பாடு.

போர் நடந்த மைதானம்

திம்புவில் வில் விளையாட்டு நடக்கும் இடத்துக்குச் சங்லிமிதாங் என்று பெயர். இதுவே ஒரு காலத்தில் போர்க்களம். 1885-ம் ஆண்டு இந்த இடத்தில் நடந்த சண்டையில் உக்யென் வாங்சுக் என்ற தளபதி எதிரிகளை முறியடித்தார். 1907-ம் ஆண்டு அவரே பூட்டானின் முதல் பரம்பரை மன்னராக முடி சூடினார். இன்றைய மன்னர் அவருடைய வம்சம்தான்.

1974-ம் ஆண்டு நாலாவது மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக அங்கே ஸ்டேடியம் கட்டினார்கள். 2002-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி, உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி ஜப்பானில் நடந்த அதே நாளில், இந்த ஸ்டேடியத்திலும் ஒரு பந்தயம் நடந்தது. உலகத் தர வரிசையில் கடைசி இரண்டு இடங்களில் இருந்த பூட்டானும் மான்ட்செராட் தீவும் மோதின. பூட்டான் 4-0 என்ற கோல் கணக்கில் ஜெயித்தது. அந்த ஸ்டேடியத்தை ஒட்டினாற்போல்தான் வில் மைதானம் இருக்கிறது.

2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்து இளவரசர் வில்லியமும், அவர் மனைவி கேத்தும் பூட்டானுக்கு வந்தார்கள். இந்த மைதானத்தில் இரண்டு பேரும் வில்லை வாங்கி எய்து பார்த்தார்கள். குறியில் ஒரு அம்புகூடப் படவில்லை. சிரித்துக்கொண்டே வில்லைத் திருப்பிக் கொடுத்து விட்டார்கள்.

ஆடிக்கொண்டே வந்த கொலையாளி

வில் என்றால் பூட்டான்காரர்களுக்கு வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. அவர்கள் மதத்தோடும் சரித்திரத்தோடும் அது பின்னிக் கிடக்கிறது.

பக்கத்து நாடான திபெத்தில் 9-ம் நூற்றாண்டில் லாங்தர்மா என்ற மன்னன் இருந்தான். புத்த மடங்களை அழித்தவன் என்று பெயர் வாங்கியவன். 842-ம் ஆண்டு அவனை ஒரு புத்த பிட்சு அம்பு எய்து கொன்றார் என்பது அந்தப் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

அந்தப் பிட்சு கறுப்புத் தொப்பியும், அகலமான கைகள் கொண்ட அங்கியும் அணிந்து நடனக்காரர் போல வந்தாராம். வில்லும் அம்பும் அங்கியின் கைக்குள் ஒளிந்திருந்தன. ஆடிக்கொண்டே மன்னனை நெருங்கினார். குறி பார்த்தார். கதை முடிந்தது!

தப்பித்த விதம் அதைவிடச் சாமர்த்தியம். வெள்ளைக் குதிரைக்குக் கரி பூசிக் கறுப்பாக்கி அதில்தான் வந்திருந்தார். ஆற்றில் இறங்கியதும் கரி கரைந்து குதிரை வெள்ளையாகி விட்டது. கறுப்பு அங்கியையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக் கொண்டார். அதுவும் வெள்ளை! கறுப்புக் குதிரையில் போன கறுப்பு ஆசாமியைத் தேடிய காவலர்கள் ஏமாந்து போனார்கள். இன்றும் பூட்டான் மடங்களின் திருவிழாக்களில் கறுப்புத் தொப்பி நடனம் ஆடுகிறார்கள்.

இன்னொரு கதை துருக்பா குன்லே என்ற துறவியைப் பற்றியது. "பித்தர் சாமி" என்று சொல்லத் தக்கவர். திபெத்தில் இருந்து அவர் எய்த அம்பு பூட்டானில் வந்து விழுந்தது என்றும், அதைத் தேடிக்கொண்டே அவர் பூட்டானுக்கு வந்தார் என்றும் நம்புகிறார்கள். அவர் நினைவாக உள்ள சிமி லாகாங் கோவிலுக்குப் பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அங்கே ஒரு வில்லையும் அம்பையும் தலையில் வைத்து ஆசி வழங்குகிறார்கள்.

1864, 1865-ம் ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கும் பூட்டானுக்கும் சண்டை மூண்டது. பீரங்கியோடு வந்த படையைப் பூட்டான்காரர்கள் வில், அம்பு, பழைய துப்பாக்கி, கல் இவற்றை வைத்துக்கொண்டு எதிர்த்தார்கள். தேவான்கிரி என்ற இடத்தில் ஆங்கிலப் படையைப் பின்வாங்கவும் வைத்தார்கள். ஆனாலும் கடைசியில் தோல்விதான். 1865-ம் ஆண்டு சின்சுலா உடன்படிக்கைப்படி வங்காளம், அசாம் எல்லையில் இருந்த சமவெளிப் பகுதிகளைப் பறிகொடுத்தார்கள். அதற்குப் பதிலாக வருஷத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் கிடைத்தது.

போரில் வில்லின் வேலை அத்தோடு முடிந்தது. விளையாட்டில் மட்டும் அது தங்கி விட்டது. பூட்டான் புத்த மத நாடு. உயிரைக் கொல்வது பாவம் என்று நினைக்கிறவர்கள். ஆகவே இன்று அவர்களுடைய அம்பு தேடுவது உயிரை அல்ல, மரப் பலகையை!

மூங்கில் வில் - சக்கர வில்

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

பூட்டானின் பரம்பரை வில் மூங்கிலால் ஆனது. இரண்டு மூங்கில் பட்டைகளைச் செதுக்கி, நடுவில் கைப்பிடிக்கும் இடத்தில் ஒன்றோடு ஒன்று சேர்த்து இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் காலத்தில் நாணுக்குக் காஞ்சொறிச் செடியின் நாரைத் திரித்தார்கள். அம்பும் மெல்லிய மூங்கில்தான். பின்பக்கம் பறவை இறகு. முன்பக்கம் இரும்பு முனை.

ஒரு மூங்கில் வில் மாதிரி இன்னொன்று இருக்காது. மழை நாளில் ஒரு மாதிரி வளையும். வெயில் நாளில் ஒரு மாதிரி வளையும். வில்லின் குணம் தெரிந்தவன் கைக்குத்தான் அது கட்டுப்படும். கட்டிய மனைவி மாதிரி என்று வேடிக்கையாகச் சொல்லலாம்!

இந்த நிலையில்தான் அமெரிக்காவில் இருந்து "காம்பவுண்டு வில்" வந்து சேர்ந்தது. இதன் இரண்டு முனைகளிலும் சிறு சக்கரங்கள் இருக்கும். கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுவது போல நாண் அதில் ஓடும். இழுக்கத் தொடங்கும்போது பாரமாக இருக்கும். முழுக்க இழுத்ததும் பாரம் பெருமளவு குறைந்து விடும். அப்புறம் நிதானமாகக் குறி பார்க்கலாம்.

வேகமும் அதிகம். நல்ல காம்பவுண்டு வில்லில் இருந்து புறப்படும் அம்பு வினாடிக்கு 300 அடி வரை பாய்கிறது. 475 அடி தூரத்தை 2 வினாடிக்குள் கடந்து விடும். மூங்கில் அம்புக்கு ஏறக்குறைய 3 வினாடி ஆகும்.

இதனால் காம்பவுண்டு வில் வைத்திருப்பவர் அம்பு அடிக்கடி பலகையில் தைக்கிறது. புள்ளி மளமளவென்று ஏறுகிறது. பரிசும் அந்தப் பக்கமே போகிறது. டெலிவிஷன் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி என்று பெரிய பெரிய பரிசுகளோடு நடக்கும் காம்பவுண்டு வில் பந்தயங்களுக்கு நகரத்தில் கூட்டம் அலை மோதுகிறது.

ஆனால் விலை? மூங்கில் வில்லைக் கிராமத்துக் கைவேலைக்காரர் செய்து கொடுத்து விடுவார். அமெரிக்க வில்லுக்கோ ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளத்தைக் கொட்டி அழ வேண்டும். அம்பு தனி, மற்றச் சாமான்கள் தனி. அம்பு ஒடிந்தால் அதற்கும் தண்டம்! மேல் அதிகாரியும் குமாஸ்தாவும் ஒரே வரிசையில் நின்ற விளையாட்டில், "யார் வில் விலை அதிகம்?" என்ற கேள்வி புகுந்து விட்டது.

நகரத்தில் பையன்கள் சக்கர வில்லைத்தான் கேட்கிறார்கள். மூங்கிலைப் பார்த்து வெட்டி, காய வைத்து, பதம் பார்த்துச் செதுக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகி வருகிறது. கற்றுக்கொள்ள ஆள் வராவிட்டால் அந்தத் தொழில் அவர்களோடு போய் விடும்.

இதைத் தடுக்கப் பரம்பரை வில்லுக்கென்றே தனிப் பந்தயங்கள் நடத்தப்படுகின்றன. அந்தப் பந்தயங்களில் காம்பவுண்டு வில்லுக்கு அனுமதி இல்லை. பூட்டான் பாரம்பரிய விளையாட்டுச் சங்கமும் இந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறது.

பலகை பக்கத்தில் ஆள்!

மூங்கில் வில்லைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது உயிர் பற்றிய காரணம்.

இந்த விளையாட்டைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். ஏன் தெரியுமா? குறிப்பலகைக்குப் பக்கத்திலேயே ஆட்கள் நிற்பார்கள்!

அம்பு எங்கே விழுந்தது என்று 475 அடிக்கு அப்பால் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே அவர் கட்சிக்காரர்கள் பலகை அருகே நின்று, இடது பக்கம் போயிற்று, வலது பக்கம் போயிற்று, முன்னாலேயே விழுந்து விட்டது என்று கையால் ஜாடை காட்டுவார்கள். எதிர்க் கட்சிக்காரர்களும் அங்கேயே நின்று கூத்தடிப்பார்கள். அம்பு வருகிற நேரத்தில் சட்டென்று ஒதுங்குவார்கள். பூட்டான்காரர்களுக்கு அது ஒரு வீரம்.

வானத்தில் மூங்கில் அம்பு வளைந்து வருவதைப் பழகிய கண்கள் பார்த்து விடும். ஒதுங்க அவகாசம் இருக்கும். காம்பவுண்டு அம்பு அப்படி அல்ல. மெல்லியது. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். ஒதுங்கக் கிடைத்த 3 வினாடியில் ஒரு வினாடிக்கு மேல் போய் விட்டது. அந்த ஒரு வினாடிதான் உயிருக்கும் சாவுக்கும் நடுவே உள்ள சந்து.

அதோடு "அரா" என்ற அரிசிச் சாராயமும் சேர்ந்து கொண்டால் கேட்க வேண்டியதே இல்லை. விருந்தும் பாட்டும் இருக்கிற இடத்தில் சாராயமும் சுற்றி வரும். எய்கிறவர் கையும் தள்ளாடும். ஒதுங்குகிறவர் காலும் தள்ளாடும்.

அம்பு பாய்ந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்பட்டவர்கள் உண்டு. வேடிக்கை பார்க்க வந்து காயம் பட்டவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு. கிராமங்களில் வில் மைதானத்தைத் தாண்டியே வயலுக்குப் போகும் வழி இருக்கும். மாடு மேய்க்கிறவரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அந்த வழியில்தான் வர வேண்டும்.

அம்பு எய்தவர் எதிரி அல்ல. பக்கத்து வீட்டுக்காரர். காலையில் ஒரே தட்டில் வெற்றிலை எடுத்தவர். அதனால்தான் இந்த விபத்துகள் நடந்தால் இரண்டு குடும்பங்கள் அழுகின்றன.

பலகை அருகே ஆள் நிற்கக் கூடாது என்று ஒரு வரியில் சட்டம் போட்டு விடலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் பலகை பக்கம் ஆட்டமும் பாட்டும் இல்லாவிட்டால் அது பூட்டான் விளையாட்டே இல்லை என்று நினைக்கிறவர்கள் அங்கே அதிகம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பெண் தொடக் கூடாதா?

பழைய வழக்கப்படி பெண்கள் வில்லைத் தொடக் கூடாது. தொட்டால் வில்லின் சக்தி போய் விடும், குறி தப்பி விடும் என்பது நம்பிக்கை. பெண்கள் பாடலாம், ஆடலாம், சமைத்துப் போடலாம். வில்லை மட்டும் எடுக்கக் கூடாது! சிமி லாகாங் கோவிலில் பெண்ணின் தலையில் வைத்து ஆசி கூறும் அதே வில், மைதானத்துக்கு வந்தால் பெண்ணுக்கு ஆகாது.

இந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது ஒலிம்பிக் பந்தயம். 1984-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்சில் பூட்டான் முதல் முறையாக ஒலிம்பிக்கில் கலந்து கொண்டது. அனுப்பியது 6 பேரை. ஆறு பேரும் வில் வீரர்கள். அதில் 3 பேர் ஆண்கள், 3 பேர் பெண்கள்!

அன்று முதல் 2008-ம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக் வரை பூட்டான் வில்வித்தையைத் தவிர வேறு எதற்கும் ஆள் அனுப்பவில்லை. இருந்தாலும் ஒரு மெடல்கூடக் கிடைக்கவில்லை. 145 மீட்டர் எய்கிறவர்களுக்கு 70 மீட்டரில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். ஒலிம்பிக் வில் வேறு. முறை வேறு. அங்கே பாட்டு கிடையாது. நடனம் கிடையாது. நண்பர்கள் கையை ஆட்டி ஜாடை காட்டுவதும் கிடையாது. வருஷக் கணக்கில் தினமும் ஒரே மாதிரி எய்து பழகியவர்களோடு மோத வேண்டும். சனி, ஞாயிறு ஆட்டம் அதற்குப் போதாது.

பல வருஷங்கள் பூட்டான் வீரர்கள் சிறு நாடுகளுக்கு என்று ஒதுக்கும் சலுகை இடத்தில்தான் ஒலிம்பிக் போனார்கள். சொந்தத் திறமையால் தகுதிச் சுற்றில் ஜெயித்து இடம் பிடித்த முதல் பூட்டான் வில்லாளி ஒரு பெண். அவர் பெயர் கர்மா. 2021-ம் ஆண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் கலந்து கொண்டார். முதல் சுற்றிலேயே இந்திய வீராங்கனை தீபிகா குமாரியிடம் 6-0 என்று தோற்றுப் போனார்.

தோற்றால் என்ன? "பெண் தொட்டால் குறி தப்பும்" என்ற நாட்டில், ஆண்கள் யாரும் எட்டிப் பிடிக்காத இடத்தை ஒரு பெண் எட்டிப் பிடித்தாரே! அதைப் பார்த்த பூட்டான் சிறுமிகள் சும்மா இருப்பார்களா?

இருட்டும் வரை

சாயங்காலம் மலை நிழல் மைதானத்தில் இறங்கும். குளிர் ஏறும். கடைசி அம்பையும் தேடி எடுத்து, மண்ணைத் துடைத்து, கூட்டில் போட்டுக் கொள்வார்கள். ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஒன்றாக வட்டம் போட்டு ஆடி, பாடி, கலைவார்கள். பகல் முழுவதும் வாய்க்கு வந்தபடி கேலி பேசியவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு கிளம்புவார்கள்.

அவர்களில் சிலர் தோளில் மூங்கில் வில். சிலர் தோளில் சக்கர வில். அடுத்த தலைமுறை எந்த வில்லை எடுக்கும் என்பதும், பலகை பக்கம் நிற்கிறவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்பதும் திம்புவில் இன்னும் முடியாத பேச்சு.

அடுத்த சனிக்கிழமையும் ஆட்டம் உண்டு. அன்றும் பலகை பக்கம் யாராவது ஒருவர், வருகிற அம்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். எய்கிறவர் கை நிதானத்தையும், தன் கால் வேகத்தையும் நம்பித்தான் அவர் நிற்கிறார். காலையில் வில்லை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் சாயங்காலம் முழுசாக வந்து சேர வேண்டும் என்பதுதான் அவர் வீட்டு வாசலில் நிற்கிறவர்களின் வேண்டுதல்.